வெயில் காலத்துல வேகமா ஓடும்

…சூடாயிருக்கும், சூடானா இந்தக் கம்ப்யூட்டருங்க இப்படித்தான் தலைதெறிக்க ஓடும், ஃபேனை இந்தப் பக்கம் திருப்பி வச்சாச்சு, இன்னும் கொஞ்சம் காத்து படட்டும், ஈரத்துணியை மடிச்சு அடியில வைக்கலாமான்னு ஒரு யோசனை, வேண்டாம்டி அம்மா, கரண்ட் சமாச்சாரம், அப்புறம் அண்ணி வந்து ரெண்டு பேரையும் சேர்த்து அள்ள வேண்டியிருக்கும், ஏற்கெனவே ஒருத்தனை அள்ளி அள்ளித்தான் அவங்க இடுப்பு போச்சு… சரி, இன்னொரு தடவை, ஸ்பேஸ் பாரைத் தட்டினேன், ஆட்டத்துல வர்ற தொப்பிக்காரன் பாலத்து மேல வந்து நின்னானா இல்லையா அதுகூடக் கண்ணுக்குத் தெரியலை, ஒரு கோடு இழுத்த மாதிரி என்னவோ போச்சு, பீப்னு ஒரு சத்தம், செத்துட்டான், மூணு உயிரும் போயாச்சு, நான் விரலை எடுக்கறதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சதுன்னு திரையில எழுத்து வந்து நிக்குது, இது என்ன கொடுமை, அண்ணா இங்க பாரேன், உன் தொப்பிக்காரனுக்கு வந்த அவசரத்தைப் பாரேன்… அண்ணன் எனக்கு வலது பக்கம் நாற்காலியில உட்கார்ந்திருக்கான், அசையாத வலது கையை ஒரு சின்னத் தலையணை மேல எடுத்து வச்சிருக்கு, மேல ஒரு துண்டு, கண்ணு ஜன்னல்ல, ஜன்னல்ல ஒண்ணும் கிடையாது, எதிர்வீட்டுச் சுவரும் அதுல இறங்குற ஒரு தண்ணிக்குழாயும்தான், அதையே பார்த்துக்கிட்டு "சரி"ங்கறான். எல்லாத்துக்கும் சரி. நாலு மணிக்கு அந்தத் தெரபிஸ்ட் பொண்ணு வந்துடும், அதுக்குள்ள இவன் ஏதாவது ஒண்ணு பண்ணணும், ஒரே ஒண்ணு, உள்ள இருக்கேன்னு காட்டுற மாதிரி.

சில மாசத்துக்கு முன்னால ஒரு நாள் காலையில பல்லு தேய்ச்சுக்கிட்டே விழுந்தவன், வாஷ்பேசினுக்கும் கதவுக்கும் நடுவுல, வாயில நுரையோட, அதுக்கப்புறம் அவன் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தை இந்த 'சரி'தான். ஆஸ்பத்திரியில முதல் தடவை கேட்டப்ப நாங்க எல்லாரும் அழுதுட்டோம், பேசிட்டான் பேசிட்டான்னு அண்ணி வராண்டாவுல யார் யாரையோ கட்டிப் பிடிச்சாங்க, அப்புறம்தான் தெரிஞ்சுது, வலிக்குதான்னு கேட்டாலும் சரி, வலிக்கலையான்னு கேட்டாலும் சரி, நான் யாருன்னு கேட்டாலும் சரி. என் கண்ணைப் பார்த்துச் சொல்லுவான், கரெக்டா நான் பேசி முடிச்ச இடத்துல சொல்லுவான், அதான் கொல்லுது, ஒண்ணுமே புரியாதவன் எப்படி அந்த இடத்துல நிறுத்தி சரின்னு சொல்லுவான்? தெரபிஸ்ட் பொண்ணு நல்ல பொண்ணுதான், பொறுமை ஜாஸ்தி, பேனாவையும் கரண்டியையும் சீப்பையும் வரிசையா வச்சு, சார் சீப்பை எடுங்கன்னு சொல்லும், இவன் சரிம்பான், எடுக்க மாட்டான். போன தடவை வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டே மெதுவா சொல்லுச்சு, மேடம், இத்தனை மாசமா சொன்னதைக் கேட்டு ஒண்ணுகூடச் செய்யலை, அவரா ஒரு அசைவு பண்ணி நான் பார்க்கலை, அடுத்த தடவையும் இப்படியே இருந்தா பயிற்சியை நிறுத்திடலாம், அவரைத் தொந்தரவு பண்ற மாதிரிதான் ஆகும்னு. அண்ணி தலையாட்டினாங்க. அண்ணியைக் குத்தம் சொல்ல முடியாது, ராத்திரி புரட்டிப் படுக்க வைக்கிறது அவங்க, அலம்பி விடுறது அவங்க, நான் வாரத்துக்கு ஒரு மத்தியானம் வந்து உட்கார்ந்துட்டுப் போற விருந்தாளி… ஆனா நிறுத்திட்டா அதுக்கப்புறம் யாரு இவன்கிட்ட கேள்வி கேட்பா? சோறு ஊட்டலாம், துணி மாத்தலாம், கேள்வி கேட்க மாட்டோம். கேள்வி கேட்காத வீட்டுல ஒரு மனுஷன் நாற்காலியோட சேர்ந்து நாற்காலியாயிடுவான், எனக்குப் பயமா இருக்கு.

அதான் பழசு எதையாவது காட்டலாம்னு கிளம்பினேன். கல்யாண ஆல்பம் காட்டியாச்சு, சரி. அம்மா படம், சரி. அப்புறம்தான் இந்தத் தொப்பிக்காரன் ஞாபகம் வந்தான். எங்க பழைய வீட்டு முன்னறையில, செருப்பு அலமாரிக்குப் பக்கத்துல ஒரு இரும்பு மேசை, அதுல கம்ப்யூட்டர், அண்ணன் காலேஜ் முடிச்சு முதல் வேலைக்குப் போனப்ப ஆபீசுல கழிச்சுப் போட்டதை வாங்கிட்டு வந்தது, கறுப்புத் திரை, அதுல எழுத்தா அடிச்சு அடிச்சுத்தான் உள்ள போகணும், படம் கிடம் ஒண்ணும் கிடையாது, மவுஸ் கிடையாது, "நம்ம கம்ப்யூட்டருக்கு எலி எதுக்கு, அதான் நீ இருக்கியே"ன்னு அண்ணன் கிண்டல் பண்ணுவான், அப்ப நான் எலி, வீட்டுல எனக்கு அதான் பேரு, பல்லு கொஞ்சம் முன்னால நிக்கும். ஆட்டம் ஒரு ஃபிளாப்பியில இருந்துச்சு. தொப்பி போட்ட ஒரு குள்ளன் பாலத்து மேல நடப்பான், அவன் கால் வைக்க வைக்கப் பலகை விழும், விழறதுக்குள்ள அடுத்த பலகைக்குத் தாவணும், ஆறு பாலம், கடைசிப் பாலத்துல பறவை வேற வந்து கொத்தும், அதையும் தாண்டிட்டா ஒரு வாசல் திறக்கும், தொப்பியைக் கழட்டி ஒரு கும்பிடு போடுவான், அவ்வளவுதான் ஆட்டம், அந்த ஒரு கும்பிடுக்காக நாங்க கிடையாக் கிடப்போம். அண்ணன் ஒரு ஆட்டம், நான் ஒரு ஆட்டம். அவன் கடைசிப் பாலத்துல விழுந்துடுவான், எப்பவும் விழுவான், நான்தான் தாண்டுவேன். வீட்டுக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவான், "எலிதான் தாண்டினா, நான் ஒண்ணும் பண்ணலை." அந்த நிமிஷம் நான் பல்லை மறைக்காம சிரிப்பேன். படிப்புல அவன் கெட்டி, கணக்குல கெட்டி, அப்பாகிட்ட பேர் வாங்குறதுல கெட்டி, ஆனா பாலத்துல நான், இதை யாரும் என்கிட்டேருந்து பிடுங்க முடியாது.

ஃபிளாப்பி பூசணம் பிடிச்சுப் போச்சு, கம்ப்யூட்டர் கடைக்காரன் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கினான். அண்ணன் மகன்தான் வெளிநாட்டுல உட்கார்ந்துக்கிட்டு இணையத்துல எங்கயோ தேடி அதே ஆட்டத்தைப் பிடிச்சு அனுப்பினான், பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கிற ஒரு புரோகிராமாம், அதுக்குள்ள இதைப் போட்டா தான் இன்னும் பழைய காலத்துலதான் இருக்கோம்னு நம்பி ஆட்டம் ஓடுமாம். நம்பத்தான் செய்யுது, ஆனா ஓட்டம்தான் இந்த ஓட்டம். சரி, அவனையே கேட்போம், ஃபேன் காத்துக்கும் மசியலை இது… போனைப் போட்டேன். "அத்தை, என்ன ஆச்சு? அப்பாவுக்கு ஏதாவது…"ன்னு முதல் வார்த்தையே பதறிக்கிட்டு வருது பாவம், அங்க என்ன நேரமோ. ஒண்ணும் இல்லடா, தொப்பிக்காரன் பறக்கிறான், கம்ப்யூட்டர் சூடாயிடுச்சு போல, ஃபேன் வச்சிருக்கேன், இன்னும் எவ்வளவு நேரம் ஆறணும்னு கேட்டேன். அந்தப் பக்கம் சிரிக்கிறான், "என்ன அத்தை, ரசமா ஆற வைக்க? சூடானா கம்ப்யூட்டர் மெதுவாத்தான் ஆகும், வேகமா எப்படி ஆகும்? யாரு சொன்னா உங்களுக்கு?" யாரு சொன்னா, உங்கப்பாதான் சொன்னான், வெயில் காலத்துல வேகமா ஓடும் எலி, சூடு ஏறினா அப்படித்தான்னு. "அப்பாவா? போங்க அத்தை, அப்பா சர்வீஸ் இன்ஜினியரு, அவரு போய் அப்படிச் சொல்லுவாரா?" ஏன் சொல்ல மாட்டான், சொன்னானே, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு… இத்தனை வருஷமா நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையிலகூட அதைச் சொல்லிக்கிட்டிருக்கேன், பில் போடுற மெஷின் வேகமா போனா, வெயிலு ஜாஸ்தி அதான்னு, அந்தப் பசங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்குவாங்க, இப்பதான் புரியுது எதுக்குப் பார்த்தாங்கன்னு, மானம் போச்சு.

பையன் பொறுமையா சொல்லிக் கொடுத்தான். அந்தக் காலத்து ஆட்டம் எல்லாம் கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமா ஓடுதோ அவ்வளவு வேகமா ஓடுமாம், அதுக்குன்னு தனியா கடிகாரம் கிடையாதாம், இப்ப இருக்கிற மெஷின் பல மடங்கு வேகம், அதான் பறக்குது, கண்ட்ரோலை அழுத்திக்கிட்டே எஃப் பதினொண்ணைத் தட்டினா மெதுவாகும், பன்னிரண்டைத் தட்டினா வேகமாகும், பழைய கம்ப்யூட்டரோட வேகத்துக்கு இந்த எண் வச்சுக்கோங்கன்னு ஒரு எண்ணையும் சொன்னான். அப்புறம் போற போக்குல, "அப்பவே இந்தப் பிரச்சினை இருந்துச்சு அத்தை, அதுக்குத்தான் டவர்ல, அதான் கீழ நிக்குமே அந்தப் பெட்டி, அதுல டர்போன்னு ஒரு பட்டன் வச்சிருந்தாங்க, அதைத் தட்டினா மெஷின் பாதி வேகத்துக்கு இறங்கிடும், உங்க கம்ப்யூட்டர்லயும் இருந்திருக்கும்." இருந்துச்சுடா, ஒரு சதுரப் பட்டன், அதைத் தொடக் கூடாது, தொட்டா கம்ப்யூட்டர் எரிஞ்சுடும்னு உங்கப்பா… நான் சொல்லி முடிக்கலை. "வீடியோ போடட்டுமா, அப்பாவைப் பார்க்கிறியா"ன்னு கேட்டேன், மீட்டிங் இருக்கு அத்தைன்னு வச்சுட்டான். அவனுக்கு மீட்டிங்கும் இல்லை ஒண்ணும் இல்லை, அந்த 'சரி'யைக் கேட்க முடியலை அவனால, அதுக்கென்ன பண்ண.

அவன் சொன்ன எண்ணுக்கு வேகத்தை இறக்கினேன். அடடா, இதோ நிக்கிறான், தொப்பி தெரியுது, காலு தெரியுது, டிக் டிக்குன்னு நடக்கிற சத்தம், அதே சத்தம், அண்ணா அண்ணா இங்க பாரு, வந்துட்டான் பாரு! அண்ணன் கண்ணு ஜன்னல்லேருந்து வந்துச்சு, திரையில நின்னுச்சு, நின்னுச்சான்னு கேட்டா அந்தப் பக்கம் வந்துச்சு, அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். எங்க கடையில நான் பண்ற வேலையே இதுதானே, கண்ணுல ஃபிரேமை மாட்டி லென்ஸை மாத்தி மாத்திப் போட்டு, இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டதா, இதுவா, அதுவான்னு நாள் பூரா கேட்டுக்கிட்டே இருக்கேன், பாதிப் பேரு எனக்காகப் பொய் சொல்றாங்க, தெரியாததைத் தெரியுதும்பாங்க, பாவம் இந்தம்மா எத்தனை தடவை கேட்பாள்னு, ஆனா நிஜமா தெரியிறப்ப ஒரு மாதிரி நெத்தி விரியும், அது பொய் சொல்லாது, அதை நான் பிடிச்சுடுவேன். அண்ணன் நெத்தியையே பார்த்தேன். இதுவா அண்ணா? "சரி." நெத்தி அப்படியே இருக்கு.

சரி, நான் ஆடுறேன், நீ பாருன்னு ஆரம்பிச்சேன். முதல் பாலம் போச்சு, ரெண்டாவதுல விழுந்தேன். மறுபடி, மூணாவதுல விழுந்தேன். வயசாச்சு, விரலு மடங்க மாட்டேங்குது, கண்ணாடி வேற மூக்குல இறங்குது, கண்ணாடிக் கடைக்காரிக்கே கண்ணாடி நிக்கலை… மறுபடி விழுந்தேன். என்னடி இது, நீயா கடைசிப் பாலம் தாண்டினவ? இது அதே வேகம்தானே, பையன் சொன்ன எண்தானே, பழைய கம்ப்யூட்டர் இப்படித்தான் ஓடியிருக்கும். அப்படின்னா என் விரலுக்குத் தெரியணுமே, சைக்கிள் விடுறது மறக்குமா என்ன, ஆனா பலகை முன்னாடியே விழுது, நான் தாவணும்னு நினைக்கிற நேரத்துக்கு ஒரு இமை முன்னாடியே விழுந்துடுது ஒவ்வொரு தடவையும்… எரிச்சல்ல எஃப் பதினொண்ணைத் தட்டினேன், கொஞ்சம் இறங்குச்சு, போதலை, இன்னும் தட்டு, இதுவா, அதுவா, இன்னும், பாதிக்கு வந்துடுச்சு, அந்த இடத்துல ஆரம்பிச்சேன்… அடேயப்பா, என் கை தானா ஓடுது. நான் யோசிக்கவே இல்லை, இடது, தாவு, நில்லு, தாவு, விரலு எல்லாம் எங்கயோ ஒளிச்சு வச்சிருந்த மாதிரி எடுத்து எடுத்துக் கொடுக்குது, நாலாவது பாலம், அஞ்சாவது, கடைசிப் பாலம், பறவை வருது, குனி, தாவு, வாசல் திறந்துச்சு. தொப்பியைக் கழட்டிக் கும்பிடுறான். நான் கும்பிடலை, கையைக் கீ போர்டுலேருந்து எடுத்து மடியில வச்சுக்கிட்டேன்.

பாதி வேகம். என் கைக்குத் தெரிஞ்சது இந்தப் பாதி வேகம்தான். அண்ணன் எனக்கு வலது பக்கம்தான் உட்காருவான், எப்பவும், இப்ப உட்கார்ந்திருக்கிற மாதிரியே, டவர் மேசைக்குக் கீழ அவன் முட்டிக்குப் பக்கத்துல, முட்டியை அதுல ஒட்டி வச்சிருப்பான், என் பக்கத்துலேருந்து பார்த்தா தெரியாது. நான் ஆட ஆரம்பிக்கிறப்ப "ம்… இப்ப ஆடு"ம்பான், அதுக்கு முன்னால டக்குனு ஒரு சின்னச் சத்தம் வரும். விரல் சொடுக்குறான்னு நினைச்சேன். அம்மாகூட அடுப்படியிலேருந்து கத்துவாங்க, சொடுக்காதேடா, எலும்பு தேயும்னு, அவன் சிரிப்பான், சரிம்மான்னு சொல்லுவான், என் ஆட்டம் முடிஞ்சு அவன் ஆட்டம் வர்றப்ப இன்னொரு டக். எல்லா ஆட்டத்துக்கும் ரெண்டு டக், விரல் இல்லை, அந்தச் சதுரப் பட்டன். அவன் முழு வேகத்துல ஆடி விழுந்தான், நான் பாதி வேகத்துல ஆடித் தாண்டினேன். அவன் ஊருல இல்லாத ஒரு நாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து காட்டுறேன் பாருன்னு உட்கார்ந்து, முதல் பாலத்துலயே விழுந்து விழுந்து, அதுங்க சிரிச்சுட்டுப் போக, நான் சாப்பிடாம படுத்துக்கிட்டப்பதான் அவன் ஊருலேருந்து வந்து தலைமாட்டுல உட்கார்ந்து சொன்னான், வெயில் காலத்துல வேகமா ஓடும் எலி, சூடு ஏறிடுச்சு, உன் தப்பு இல்லை. அட பாவி. ஏமாத்துக்காரா. எவ்வளவு சுலபமா சொன்னே, எவ்வளவு சுலபமா நான் நம்பினேன்!

கோபம்தான் முதல்ல வந்துச்சு, சொல்றதுக்கென்ன, திரும்பி அவன் முகத்துக்கு நேரா கேட்டேன், "நீதான் அழுத்தினியா? எல்லா தடவையும்? ஒரு தடவைகூட நானா தாண்டலையா?" அவன் என் கண்ணைப் பார்த்தான். கரெக்டா நிறுத்தி, "சரி"ன்னான். இதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண, சொல்லுங்க? அந்தப் பாலத்தை நம்பித்தானே எல்லாத்துலயும் காலை வச்சேன், கல்யாணம் முறிஞ்சு பெட்டியோட வந்து நின்னப்ப, அண்ணனே விழுந்த பாலத்தைத் தாண்டினவ நான், இதைத் தாண்ட மாட்டேனான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டுத்தானே வேலை தேடப் போனேன், ஒரே நேர்காணல், அன்னைக்கே வேலை… கடை முதலாளி அண்ணனோட ஒண்ணா படிச்சவரு. இருக்கட்டும், அதனால என்ன, ஒண்ணா படிச்சா வேலை கொடுத்துடுவாங்களா? கொடுத்திருப்பாங்களோ? வாடகை வீட்டுக்காரர் முன்பணமே வேண்டாம்னாரே, அது? எங்கெங்க டக்குனு சத்தம் கேட்டுச்சு, எதை எதை நான் விரல் சொடுக்குறதுன்னு நினைச்சேன்… ஏண்டா அண்ணா, நல்லா இருந்த நாள்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, ரெண்டு பேரும் சண்டை போட்டிருக்கலாம், நாலு நாள் பேசாம இருந்திருக்கலாம், அப்புறம் சிரிச்சிருக்கலாம். இப்ப யாரோட சண்டை போட, இந்தத் துண்டோடயா. அவன் கடைவாயில எச்சில் வழிஞ்சுச்சு, துடைச்சு விட்டேன், துடைக்கிறப்ப கோபம் எங்க போச்சுன்னே தெரியலை, அழுகைதான் மிச்சம்.

வாசல்ல அண்ணியோட சாவிச் சத்தம், கூடவே அந்தப் பொண்ணும், ரெண்டு பேரும் தெருமுனையில பார்த்துக்கிட்டாங்களாம். அண்ணி உள்ள வந்ததும் முதல்ல அவன் துண்டைச் சரி பண்ணினாங்க, அப்புறம்தான் பையைக் கீழ வச்சாங்க. "என்னம்மா, கண்ணு சிவந்திருக்கு?"ன்னாங்க என்னைப் பார்த்து, ஃபேன் காத்து அண்ணின்னேன். பொண்ணு அவனுக்கு எதிர்ல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு பேனா, கரண்டி, சீப்பு எல்லாத்தையும் எடுத்து வச்சுச்சு. சார், சீப்பைத் தொடுங்க. சரி. சார், பேனா எது? சரி. சார், இது சீப்பா? பேனாவைக் காட்டிக் கேட்குது, சரி. அண்ணி அடுப்படி வாசல்ல புடவைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டு நிக்கிறாங்க, எத்தனை தடவை பார்த்தாலும் அவங்களுக்கு அது பழகலை. பொண்ணு சாமானை ஒவ்வொண்ணா எடுத்துப் பைக்குள்ள போட ஆரம்பிச்சுச்சு, சீப்பு போச்சு, கரண்டி போச்சு. எனக்குப் பொறுக்கலை, ஒரு நிமிஷம் இருங்கன்னு சொல்லி, ஏன் அப்படிப் பண்ணினேன்னு தெரியாது, எஃப் பன்னிரண்டைத் தட்டித் தட்டி வேகத்தை ஏத்தினேன், பழைய முழு வேகத்துக்கு, ஆட ஆரம்பிச்சேன். விழுந்தேன். பீப். மறுபடி. விழுந்தேன். பீப். "மேடம், என்ன இது?"ன்னு பொண்ணு கேட்குது, மறுபடி விழுந்தேன்.

அப்பதான் அண்ணன் அசைஞ்சான். இடது கை, நல்லா இருக்கிற கை, மடியிலேருந்து எழுந்து, உடம்புக்குக் குறுக்கால வந்து, வலது முட்டியைத் தாண்டிக் கீழ போச்சு. சிரமம்தான், தோளு மொத்தமா திரும்ப வேண்டியிருந்துச்சு, தலையணை நழுவுச்சு. "ஒண்ணுக்குப் பாட்டில் வேணும் போல"ன்னு அண்ணி ஓடி வந்தாங்க. "இல்ல, காலைச் சொறியறாரு"ன்னு பொண்ணு. நான் பார்த்துட்டேன். அவன் காலைத் தொடலை. முட்டிக்கு அந்தப் பக்கம், ஒண்ணுமே இல்லாத இடத்துல, கட்டை விரலை நீட்டித் தடவிக்கிட்டிருக்கான், கொஞ்சம் மேல, கொஞ்சம் கீழ, இருட்டுல சுவிட்சைத் தேடுற மாதிரி, கண்ணு மட்டும் திரையில விழுந்து கிடக்கிற தொப்பிக்காரன் மேல. நெத்தி… நெத்தியில ஏதோ இருந்துச்சு, சத்தியமா இருந்துச்சு, நான் நாள் பூரா பார்க்கிற நெத்தி அது. நான் என் வலது கையைக் கீழ விட்டேன், அவன் தேடுற இடத்துல என் கட்டை விரலை வச்சேன், அவன் விரல் அதுல வந்து இடிச்சு நின்னுச்சு, அழுத்துச்சு, அழுத்தின மாதிரி இருந்துச்சு, இடது கையால நான் எஃப் பதினொண்ணைத் தட்டித் தட்டிப் பாதிக்குக் கொண்டுவந்தேன். தொப்பிக்காரன் மெதுவா நடந்து வந்து பாலத்து முனையில நின்னான்.

பொண்ணு எழுந்து குனிஞ்சு மேசைக்குக் கீழ பார்க்குது. "மேடம், நீங்க அவர் கையைப் பிடிச்சிருக்கீங்களே. அவரா அழுத்தினாரு? நீங்க எதுவும் பண்ணலையே?" அண்ணி என் முகத்தையே பார்க்கிறாங்க, மூச்சு விடாம பார்க்கிறாங்க, இன்னும் எத்தனை மாசம் இப்படின்னு அவங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. அழுத்தினது அவனா, என் விரல் நடுங்கினதா, முட்டி அரிச்சதா, சத்தியமா எனக்குத் தெரியலை. "அண்ணன்தான் அழுத்தினான், நான் ஒண்ணும் பண்ணலை"ன்னேன். சொன்னதுக்கப்புறம்தான் அது யாரோட வார்த்தைன்னு காதுல விழுந்துச்சு. பொண்ணு பையைத் திறந்து சீப்பைத் திரும்ப எடுத்து மேசை மேல வச்சுச்சு, உட்கார்ந்துச்சு. அண்ணி வாயிலேருந்து தலைப்பை எடுத்தாங்க. அப்ப எனக்கு ஒண்ணு தோணுச்சு, அவனுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ, எங்கயோ ஒரு நாள் பேச்சு மும்முரத்துல பட்டனை அழுத்த மறந்து, நான் பாட்டுக்கு முழு வேகத்துல தாண்டியிருந்து, அழுத்தினோமா இல்லையான்னு அவனுக்கே தெரியாம, "எலிதான் தாண்டினா"ன்னு சொல்லியிருப்பானோ… ஒரு தடவையாவது… அண்ணன் விரல் இன்னும் என் விரல் மேலதான் இருக்கு. கீ போர்டுல என் கை ஒண்ணுதான் இருக்கு, இடது கை, அதை வச்சுக்கிட்டுப் பாலத்துல முதல் அடியை எடுத்து வச்சேன்.